சர்க்கரை நோயாளிகளும் உறுப்பு மாற்று சிகிச்சையும்: தாமதமும் குழப்பமும் செய்யும் கேடு

டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் மாற்று அறுவை சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டும் என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் எண் ஈஜிஎஃப்ஆர். அது 30-க்குக் கீழே போகும்போதே மாற்று சிகிச்சைக் குழுவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 20-ஐத் தொட்டாலே காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வீட்டில் யாராவது சிறுநீரகம் தர முன்வந்து பொருத்தமும் இருந்தால், டயாலிசிஸ் பக்கமே போகாமல் நேராக அறுவைக்குப் போக முடியும். அதுதான் கிடைப்பதிலேயே நல்ல வழி. ஆனால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் சோதனைகள் முடியவே மாதக்கணக்கில் ஆகும். கால் வீங்கி மூச்சு வாங்கும்போது தொடங்கினால் அந்த அவகாசம் இருக்காது.

ரிப்போர்ட்டில் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருளின் அளவு) மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் இதே வகைதான். "2 தானே இருக்கிறது" என்பார்கள். 60 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 2 என்றால் ஈஜிஎஃப்ஆர் 28 அளவில்தான் வரும். அதாவது, குழுவைப் பார்க்க வேண்டிய கட்டம் அவருக்கு ஏற்கனவே வந்துவிட்டது.

இன்னொரு ஏமாற்றம் இன்சுலின் தேவை குறைவது. பல வருடம் 40 யூனிட் போட்டவருக்கு 20 போதும் என்றாகும். சிலருக்கு ஊசியே தேவைப்படாது. சர்க்கரை குணமாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில், ஊசியில் போட்ட இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. அது ஓய்ந்துபோவதால் போட்ட இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் இந்தக் கட்டத்தில் நம்பத் தகுந்ததல்ல. சிவப்பணுக்களின் ஆயுள் குறைந்துபோவதால் அது உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனையையே நம்புங்கள்.

எது எதற்கு என்ற குழப்பம்

சிறுநீரகம் மட்டும் பொருத்தினால் சர்க்கரை நோய் போகாது. சொல்லப்போனால் கூடும். புதுச் சிறுநீரகம் இன்சுலினை மறுபடி வேகமாக வெளியேற்றும். உடம்பு உறுப்பை நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்துகளில் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். டாக்ரோலிமஸ் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தளரச் செய்யும். அறுவைக்குப் பின் இன்சுலின் அளவு எகிறுவதைப் பார்த்து "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று பதறுபவர்களுக்கு முன்பே யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிறுநீரகத்தோடு கணையத்தையும் சேர்த்துப் பொருத்துவது முக்கியமாக டைப் 1 நோயாளிகளுக்கானது. 1966-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெல்லி, லில்லிஹே என்ற அறுவை மருத்துவர்கள் செய்த முதல் கணைய மாற்றே இப்படி இரண்டும் சேர்ந்ததுதான். இரண்டும் ஒட்டிக்கொண்டால் இன்சுலினும் வேண்டாம், டயாலிசிஸும் வேண்டாம். ஆனால் அறுவை பெரியது. புதுக் கணையத்தின் ரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வதே ஆரம்ப நாட்களில் அது வீணாவதற்கு முக்கியக் காரணம்.

சிறுநீரகம் நன்றாக இருந்து, முன்னறிவிப்பே இல்லாமல் சர்க்கரை விழுந்து மயங்குபவர்களுக்குத்தான் கணையம் மட்டுமோ, ஐலெட் செல் (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் கூட்டம்) மாற்றோ யோசிக்கப்படும். ஐலெட் முறையில் வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை இல்லை; கணையத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் நாளத்தில் சொட்டுசொட்டாக ஏற்றுவார்கள். 2000-இல் கனடாவின் எட்மன்டன் குழு வெற்றிகரமாகச் செய்துகாட்டிய வழி இது. ஒரே கொடையாளரின் செல்கள் பலருக்குப் போதாது. இரண்டாவது முறையும் ஏற்ற வேண்டியிருக்கும். எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து இதற்கும் தேவை. "ஊசி போட்டால் முடிந்தது" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். ஸ்டெம் செல்லிலிருந்து ஐலெட் வளர்க்கும் ஆய்வுகள் உண்மையில் நடக்கின்றன, நம்பிக்கையும் தருகின்றன. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு "ஸ்டெம் செல் ஏற்றுகிறோம்" என்பது வேறு கதை.

டைப் 2 என்றால் கணைய மாற்று கிடையவே கிடையாது என்பதும் சரியல்ல. உடல் எடை கட்டுக்குள் இருந்து, இன்சுலினை நம்பி வாழ்ந்து, சிறுநீரகமும் போயிருந்தால் சிலருக்குச் செய்கிறார்கள். இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக உள்ள பருமனானவருக்கு மட்டும் புதுக் கணையத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

காத்திருக்கும் காலத்தில் கெடுத்துக்கொள்வது

ரத்தசோகைக்கு அவசரமில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்வது இதில் முதலாவது. பிறர் ரத்தம் ஏறினால் பிறர் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி உடம்பில் உருவாகும்; பிறகு பொருத்தமான கொடையாளர் கிடைப்பது அரிதாகிவிடும். இரும்புச்சத்தும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியும் கொண்டு சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். அதிகம் பயன்படுத்தாத கையில், அதாவது வலதுகைக்காரர் என்றால் இடது கையில், ரத்தம் எடுக்கவோ ட்ரிப் ஏற்றவோ விடாதீர்கள். ஒருவேளை டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்துலா தேவைப்பட்டால் அந்தக் கையின் ரத்தக்குழாய்தான் வேண்டும்.

அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மாற்று அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே முடிக்க வேண்டும். பிறகு போட முடியாது. ஹெபடைடிஸ் பி ஊசி டயாலிசிஸில் இருப்பவருக்கு இரட்டிப்பு அளவில் போடப்படும், பிறகு ஆன்டிபாடி உருவானதா என்றும் பார்க்க வேண்டும்.

நெஞ்சு வலி இல்லை என்பதற்காக இதயப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கு மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். காலில் ஆறாத புண், ஈறில் சீழ் இரண்டும் சின்ன விஷயமாகத் தெரியும். எதிர்ப்புசக்தியை அடக்கியபின் அவைதான் உயிருக்கு உலை வைக்கும். இடுப்பு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் புதுச் சிறுநீரகத்தை இணைக்க இடமே கிடைக்காமல் போகலாம். அதனால்தான் சிடி ஸ்கேன் கேட்கிறார்கள்.

அறுவைக்குப் பின்

டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவது அடிக்கடி நடப்பது. பார்க்க வேண்டியது முந்தைய டோஸுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து உள்ள அளவு. போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக உயரும், மருத்துவர் டோஸைக் குறைப்பார், உடம்பு உறுப்பை நிராகரிக்க வழி பிறக்கும். நெடுநாள் சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்களுக்கு மருந்து உறிஞ்சப்படுவதும் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் அன்றே சொல்ல வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும், பாக்டீரியா தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் டாக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை அடியோடு இறக்கும். பக்கத்து கிளினிக்கில் எழுதிக்கொடுக்கும் எந்த மாத்திரையையும் மாற்று சிகிச்சைக் குழுவிடம் காட்டாமல் போடக் கூடாது.

கணையம் பொருத்தியவர் சர்க்கரை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் போதாது. நிராகரிப்பு தொடங்கும்போது முதலில் உயர்வது பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள லிபேஸ், அமைலேஸ் என்ற கணைய நொதிகள்தான். சர்க்கரை ஏறத் தொடங்கும்போது பீட்டா செல்களில் பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும்.