பலகையைத் தொடுவதற்கு முன் அலைக்குள் புரண்டு பழகுங்கள்

முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்தும், 2004 சுனாமிக்குப் பிறகு முழங்காலளவு தண்ணீருக்கு மேல் இறங்காதவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். நானும் பல வருடம் கரையிலேயே நின்றவள்தான். அதனால் அலைச்சறுக்குப் பழக வேண்டும் என்று கேட்கிற தம்பி தங்கைகளிடம் நான் பலகையைப் பற்றி முதலில் பேசுவதில்லை. முதலில் கடல் பழக வேண்டும்.

காலம் பார்த்து இறங்குங்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் தெற்கிலிருந்து வருகிற பெரிய அலைகளைப் பொத்துவில் பக்கத்து அறுகம்குடா நேரே வாங்கிக்கொள்கிறது, எங்கள் கரைக்கு வந்து சேருவது அதில் மிச்சம் மீதிதான், ஆனால் பழகுகிறவருக்கு அது போதும். வாடை என்கிற வடகீழ்க் காற்று தொடங்கி மழையும் இறங்கிவிட்டால் வேண்டாம்.

இடமும் முக்கியம். வட்டுவாகல், நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களுக்குக் கிட்டப் போகாதீர்கள், அங்கே தண்ணீர் வெளியே பாயும்போது நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். கரையிலிருந்து இழுக்கிற கரைவலை போட்டிருக்கிற இடமென்றால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எங்கே கயிறு போகிறது, எங்கே பள்ளம் என்று அவருக்குத்தான் தெரியும். அலை கரையிலேயே வந்து தொம்மென்று விழுகிற இடம் சரிவராது. கொஞ்சம் தள்ளி உடைந்து, நுரை நீளமாக ஓடி வருகிற மணல் கரை வேண்டும்.

குளத்தில் நீந்தப் பழகியவர்களுக்கு நீச்சல் வரும், ஆனால் குளத்துத் தண்ணீர் ஆளைத் தள்ளாது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாளும், நல்ல நீச்சல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே அலையிடம் அடி வாங்குங்கள். அலை வரும்போது மூச்சை இழுத்து, இரண்டு கையாலும் தலையை மூடி, உடம்பைத் தளர்த்தி விடுங்கள். காதுக்குள் இரைச்சல், மூக்கில் உப்பு, முதுகில் மணல் உரசும், எது மேல் எது கீழ் என்றே தெரியாது. மனதுக்குள் எண்ணுங்கள். சின்ன அலை என்றால் ஐந்து எண்ணுவதற்குள் தலை வெளியே வந்துவிடும். எனக்குப் பயம் விட்டது அந்த எண்ணிக்கையில்தான், யாரும் சொன்ன தைரியத்தில் இல்லை.

அப்புறம் பலகை. மேலே மெத்தென்று இருக்கும் 8 அல்லது 9 அடிப் பலகையாக எடுங்கள், சின்னப் பலகை பார்க்க அழகு, ஆனால் தொடக்கத்தில் ஆளைத் தாங்காது. அதன் கயிற்றைப் பின்னுக்கு வைக்கிற காலின் கணுக்காலில் கட்டுங்கள். குப்புறப் படுக்கும்போது முன்முனை தண்ணீருக்கு இரண்டு மூன்று விரல் அளவு மேலே நிற்க வேண்டும். அது தண்ணீருக்குள் குத்தினால் நீங்கள் முன்னுக்குப் போய்விட்டீர்கள், தூக்கி நின்றால் பின்னுக்கு. நுரை பின்னால் வந்து தள்ளியதும் கையால் இரண்டு மூன்று தரம் தண்ணீரை வலித்து, நெஞ்சுப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு காலையும் உடம்புக்குக் கீழே கொண்டுவாருங்கள். முழங்காலை மடக்கி வையுங்கள், பார்வை கரையில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்த கணமே விழுவீர்கள். மணலில் பலகை மாதிரி ஒரு கோடு கீறி இதை ஐம்பது தரம் செய்துவிட்டு இறங்கினால் பாதி வேலை முடிந்தது.

விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைக்காதீர்கள், அது நேரே முகத்துக்குத்தான் வரும்.

இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் அலை உடையாமல் கறுப்பாக ஒரு பாதை தெரிந்தால் அதுதான் ஆளைக் கடலுக்குள்ளே இழுக்கிற நீரோட்டம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைக்காதீர்கள். பலகையை விடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் வலித்து நுரை இருக்கிற இடத்துக்கு வாருங்கள், கையை உயர்த்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

நுரையில் பத்துத் தரம் எழும்பினால் எட்டுத் தரமாவது மணல் வரை நின்று வருகிறீர்கள் என்றால் அறுகம்குடா அலைக்காகப் பொத்துவிலுக்குப் பஸ் ஏறலாம். அங்கேயும் பழகுகிறவர்கள் இறங்குகிற விஸ்கி பொயின்ற், பேபி பொயின்ற் பக்கம் போங்கள். மெயின் பொயின்றில் அடியில் பாறை, அது பிறகு.