கேமிங் ஹெட்செட்டை வெளி ஆம்ப்பில் மாட்டும் முன்

டாக் (DAC: கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), ஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் கருவி) வாங்கும் எண்ணம் இருந்தால் யூஎஸ்பி ஹெட்செட் வேண்டாம். அதற்குள்ளேயே டாக் இருக்கிறது. வெளியே வைத்த பெட்டி அதற்கு உதவாது. 3.5 மிமீ பின் உள்ளதையே தேடுங்கள்.

அந்தப் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே கம்பியில் வருகின்றன. ஆம்ப்பின் ஹெட்போன் துளைக்கு மைக் தெரியாது. அதனால் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் கட்டாயம்: ஹெட்போன் முனை ஆம்ப்புக்கு (துளை பெரிதாக இருந்தால் 6.35 மிமீ அடாப்டரோடு), மைக் முனை கணினியின் மைக் துளைக்கு. பிறகு விண்டோஸில் வெளியீட்டை டாக்குக்கும் உள்ளீட்டைக் கணினி மைக்குக்கும் தனித்தனியாக மாற்றுங்கள். மைக் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்கள் பல இங்கேதான் தீரும்.

ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) எக்ஸ்எல்ஆர் துளையில் (ஸ்டுடியோ மைக்குக்கான மூன்று முனை இணைப்பு) ஹெட்செட் மைக்கைச் சாதாரண அடாப்டரால் சொருகாதீர்கள். ஃபாண்டம் பவர் (மைக்குக்குக் கம்பி வழியே தரும் மின்சாரம்) போட்டிருந்தால் அங்கே 48 வோல்ட் வரும். இந்த மைக்குக்குச் சில வோல்ட் போதும். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அடாப்டர்தான் வேண்டும்.

32 ஓம் ஹெட்செட்டுக்கு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டுப் பக்கத்து மின்தடை) 4 ஓமுக்குள் இருக்கட்டும். கூடினால் சில ஹெட்செட்களில் பேஸ் (தாழ்ந்த ஒலி) தளரலாம், விளையாட்டில் எதிராளியின் காலடி ஓசை மங்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: கணினியையும் ஆம்ப்பையும் ஒரே மல்டிபிளக்கில், சர்ஜ் பாதுகாப்போடு மாட்டுங்கள். வேறு வேறு சாக்கெட் என்றால் எர்த் வழியாக 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறலாம். மின்சாரம் போனால் ஆம்ப்பை அணைத்து, ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள்; கரண்ட் திரும்பும் நொடியில் வரும் 'டப்' சத்தம் காதுக்கு நல்லதல்ல.