வெளி இணைப்புகளை வடிகட்டிய விதம் (என் அனுபவம்)

சேலம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை. அதில் 'வெளி இணைப்புகள்' பகுதி கட்டுரையைவிட நீண்டு கிடந்தது: துறைப் பக்கங்கள், முகநூல், சேர்க்கை முகவர்களின் விளம்பரம்.

அதிகாரப்பூர்வ வலைத்தளத்தை மட்டும் வைத்தேன். நூலகம், தேர்வு முடிவு எல்லாவற்றுக்கும் அதன் முகப்பிலிருந்தே போய்விடலாம், தனித்தனியே எதற்கு? முகவர் தளங்களைத் தயங்காமல் நீக்கினேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை கலைக்களஞ்சியம் என்று நம்பித்தான் சொடுக்குகிறது. அங்கே போய் ஏமாறலாமா?

சில இணைப்புகளில் சரக்கு இருந்தது. பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது என்பது போன்ற தகவலுக்கு ஆதாரமாகும் பக்கம் என்றால், அதன் இடம் மேற்கோள்தான், அதாவது சான்று காட்டும் அடிக்குறிப்பு. அப்படிப்பட்டவற்றை உரிய வரிக்கு அருகிலேயே சேர்த்தேன். செத்த இணைப்புகளுக்கு, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தில் (Internet Archive) பழைய பிரதி தேடினேன். நீக்கிய காரணங்களை, திருத்துபவர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் எழுதி வைத்த பிறகு யாரும் திரும்பச் சேர்க்கவில்லை.