புதிய ரோலர் கோஸ்டருக்குக் காத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்போரூர் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா சென்னை 2025 டிசம்பரில் திறந்ததிலிருந்து, ரோலர் கோஸ்டர்களை விடாமல் பின்தொடரும் ஒரு புதுக் கூட்டம் நம் ஊரிலும் உருவாகியிருக்கிறது. அங்கே தஞ்சோரா என்ற கோஸ்டரில் ஏறி இறங்கிய பிறகு, உலகத்தில் அடுத்து எங்கே என்ன கட்டுகிறார்கள் என்று தேடத் தொடங்கியவர்கள் பலர். கட்டுமானப் படங்களைப் பகிர்கிறார்கள், உயரம் வேகம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இதைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைக்காத காலத்தைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

ஆனால் நாங்கள் அப்போது எங்கெங்கே சறுக்கினோமோ, அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நிற்பது போன்றவற்றைச் சொல்லத் தேவையில்லை. அவை யாருக்கும் தெரியும். ஒரு கோஸ்டர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து நீங்கள் அதில் உட்காரும் நாள் வரை நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

டிராக் முழுதாக இணைந்ததும் நாள் எண்ணத் தொடங்குவது

கடைசித் துண்டை கிரேனில் தூக்கிப் பொருத்தும் படம் வந்துவிட்டால் போதும், "இன்னும் இரண்டு வாரம்தான்" என்று ஒருவர் சொல்ல, நூறு பேர் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். இரும்பு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. வேகமாக நடக்கிற வேலையும் அதுதான். துண்டுகள் தொழிற்சாலையிலேயே வளைத்து, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து வருகின்றன. தளத்தில் தூக்கி வைத்து போல்ட் முறுக்குகிறார்கள். அதற்கு முன்னால் அஸ்திவாரத்துக்கு மாதக்கணக்கில் மண்ணைத் தோண்டியதை யாரும் படம் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் கேபிள், சென்சார், பிரேக், கன்ட்ரோல் அமைப்பு என்று வரும் வேலையும் படத்தில் விழாது.

இதில் நேரம் தின்பது கன்ட்ரோல் அமைப்பு. டிராக்கைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதிக்குள் ஒரு ட்ரெயின் இருக்கும்வரை அடுத்த ட்ரெயின் அங்கே நுழையக் கூடாது. முன்னால் போனது நின்றுவிட்டால் பின்னால் வருவதை பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சென்சாரும் தவறினால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே தவற வைத்துப் பார்க்கிறார்கள். ஆள் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை உட்காரவைத்துச் சுற்றுச்சுற்றாக ஓட்டுகிறார்கள். பிறகு அந்தந்த ஊர் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அந்தப் பொறுப்பு வேளாண் துறையுடையது. ஜெர்மனியில் டியூஃப் போன்ற ஆய்வு நிறுவனங்களின் சான்று வேண்டும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. படத்தைப் பெரிதாக்கி டிராக்கின் குழாயை மட்டும் பாருங்கள். ஓடாத டிராக்கில் பெயின்ட் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். ட்ரெயின் ஓடத் தொடங்கியதும் சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் பெயின்ட் மங்கி, ஒரு விரல் இரு விரல் அகலத்துக்குக் கோடு விழும். மேலே உருளும் சக்கரத்துக்கு ஒரு கோடு, பக்கவாட்டுச் சக்கரத்துக்கு ஒன்று, அடியில் பிடித்துக்கொண்டு ஓடும் சக்கரத்துக்கு ஒன்று. அந்தக் கோடுகள் விழாத டிராக்குக்கு யார் நாள் குறித்தாலும் நம்பாதீர்கள்.

திறப்பு நாளை நம்பிப் பயணத்துக்குப் பணம் கட்டுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. இது மட்டும் ஒரு வருடச் சேமிப்பைக் கொண்டுபோய்விடும்.

எனக்குத் தெரிந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், ஐடியில் இருக்கிறார். வெளிநாட்டுப் பூங்கா ஒன்று புது கோஸ்டரை அறிவித்தது. பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். அறிவிப்பில் இருந்தது "வசந்த காலத்தில் திறப்பு" என்ற ஒரு வரிதான். அன்று இரவே ரீஃபண்ட் இல்லாத விமான டிக்கெட், ரீஃபண்ட் இல்லாத ஓட்டல், விசாக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். கொஞ்சம் பொறு என்றேன். "இப்பப் போட்டாத்தானுங்ணா விலை கம்மி" என்றார். போனார். பூங்கா திறந்திருந்தது, கோஸ்டர் திறக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று எனக்கு போன் செய்தார். "இன்னைக்கும் பொம்மைதானுங்ணா போகுது." குரலைக் கேட்டபோது எனக்கே தொண்டையை அடைத்தது. அவர் ஊர் திரும்பிய பிறகுதான் அது திறந்தது. அந்த வருடத்து லீவு முழுவதும் அதிலேயே கரைந்துவிட்டதால் மறுபடி போகவும் வழியில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. "முதல் நாள் ஏறினால்தான் நீ ரசிகன்" என்று இளைஞர்களைக் கிளப்பிவிடுகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். இந்தத் துறையில் சொன்ன நாளில் திறந்து, திறந்த நாளிலிருந்து தடங்கல் இல்லாமல் ஓடியவை எத்தனை என்று அவர்களுக்குத் தெரியாதா?

பழைய கதையிலிருந்தே வருகிறேன். நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரத்தில் கட்டிய கிங்டா கா 2005 மே மாதம் திறந்தது. ஜூன் தொடக்கத்தில் பழுதாகி நின்றது. ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டவர்கள் வெறும் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒஹாயோவின் சீடர் பாயின்ட்டில் டாப் த்ரில் 2 என்ற கோஸ்டர் 2024 மே 4 அன்று திறந்தது. 128 மீட்டர் உயரம், மணிக்கு 193 கிலோமீட்டர் வேகம், உலகமே காத்திருந்தது. சுமார் ஒரு வாரம் ஓடியது. ட்ரெயின் வண்டிகளில் மாற்றம் தேவை என்று நிறுத்தினார்கள். அந்த சீசன் முழுவதும் திறக்கவேயில்லை, 2025-இல்தான் ஓடியது. ஜூன் மாதத்துக்குத் திட்டம் போட்ட ஒருவர், "ஒரு மாதம் தள்ளித்தானே போகிறோம், அதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும்" என்று நினைத்திருப்பார். நியாயமான எண்ணம்தான். அப்படியும் ஏமாந்தார்.

தள்ளிப்போவது இயந்திரத்தால் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2020-இல் வருவதாக அறிவித்த பேந்தியன், அயர்ன் குவாசி என்ற இரண்டு கோஸ்டர்களும் கொரோனாவில் மாட்டி, 2022 மார்ச்சில் திறந்தன. டிராக் முழுதாக முடிந்து நின்ற கோஸ்டர்கள் அவை. ரியாத் அருகே கிட்டியா நகரின் ஃபால்கன்ஸ் ஃப்ளைட், 195 மீட்டர் உயரமும் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகமும் கொண்டது. 2023 என்று பேசப்பட்டு, 2025-இன் கடைசி நாளில்தான் பூங்காவோடு சேர்த்துத் திறந்தார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். வொண்டர்லாவின் சென்னைத் திட்டம் கேளிக்கை வரி விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றது. வரிவிலக்கு கிடைத்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. அந்த இடைவெளியில் எந்த இன்ஜினியரிடம் கேட்டிருந்தாலும் தேதி கிடைத்திருக்காது.

இன்னொன்று. திறந்திருக்கிறது என்பதாலேயே நீங்கள் நினைத்தபடி ஏறிவிட முடியாது. அதே சீடர் பாயின்ட்டில் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற கோஸ்டர் 2018 மே 5 அன்று திறந்தபோது, முதல் நாளே ஒரு ட்ரெயின் இன்னொன்றின் மேல் மெதுவாக இடித்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரே ட்ரெயினை வைத்து ஓட்டினார்கள். மூன்று ட்ரெயின் இழுக்க வேண்டிய கூட்டத்தை ஒன்று இழுத்தால் வரிசை எவ்வளவு நீளும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எப்போது போவது? முதலில், அந்த கோஸ்டரில் புதிதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். தாமதமும் பழுதும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தஞ்சோரா போன்ற இன்வெர்ட்டட் வகை, அதாவது டிராக்குக்குக் கீழே கால் தொங்க உட்கார்ந்து போவது, 1992-இல் சிகாகோ பக்கத்தில் முதன்முதலில் ஓடியது. சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிவருகிறது. அப்படிப்பட்டதற்கு நான் தயங்காமல் முதல் மாதத்திலேயே போவேன். புதுவிதமான ட்ரெயின், ட்ரெயினை உந்தி ஏவும் புதுவிதமான மோட்டார், உலக சாதனை உயரம் என்று இருந்தால், வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது அடுத்த சீசன்தான். பக்கத்து ஊர்க்காரர் முதல் நாள் போகட்டும். மூடியிருந்தால் அவருக்குப் போவது பெட்ரோல் காசு. உங்களுக்கு அப்படியில்லை.

சோதனை ஓட்டம் தொடங்கி, ஊழியர்களையும் சீசன் பாஸ் வைத்திருப்பவர்களையும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி வரும்வரை ரீஃபண்ட் இல்லாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஆர்லாண்டோவின் வெலோசிகோஸ்டர் 2021 ஜூன் 10 அன்று முறைப்படி திறப்பதற்கு வாரங்களுக்கு முன்பே அப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு டிக்கெட் விலை கொஞ்சம் கூடியிருக்கும். கூடட்டும். அந்த ஒரு கோஸ்டருக்காக மட்டும் எட்டாயிரம் மைல் பறக்காமல், அது மூடியிருந்தாலும் மனம் நிறையும்படி வேறு நல்ல கோஸ்டர்கள் உள்ள பூங்காவாகப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

சிமுலேஷன் வீடியோவை வைத்துத் தீர்ப்பு சொல்வது

அது கம்ப்யூட்டரில் செய்த படம். வளைவிலும் இறக்கத்திலும் உடலை அழுத்தித் தூக்கும் ஜி-விசை அதில் தெரியாது. விட்டுவிடுங்கள்.

நடுவழியில் நின்ற ட்ரெயினை "விபத்து" என்று பரப்புவது

சோதனை ஓட்டத்தில் ட்ரெயின் இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நின்றுவிடுவது உண்டு. பேரிங் புதிதாக இறுக்கமாக இருக்கும். குளிர் இருக்கும். எதிர்க்காற்று இருக்கும். வேகம் போதாமல் அடுத்த மேட்டை ஏற முடியாமல் முன்னும் பின்னும் ஆடி நிற்கும். இது எங்கே நடக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லாமல் ஓட்டுகிறார்கள். வின்ச் வைத்து இழுத்தோ, கிரேன் வைத்துப் பிரித்தோ எடுத்துவிட்டு, சக்கரத்தை மாற்றி மறுபடி ஓட்டுவார்கள்.

மோட்டார் உந்தி ஏவும் வகையில் ட்ரெயின் உச்சியைத் தொடாமல் பின்வாங்கி வருவதும் அப்படித்தான். அதற்காகவே ட்ரெயின் கடந்ததும் பின்னால் காந்த பிரேக் தகடுகள் எழும்பி நிற்கின்றன. அந்த வீடியோவுக்கு "மயிரிழையில் தப்பினர்" என்று தலைப்பு வைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த முறை உங்கள் அம்மா உங்கள் தங்கையை எந்த ராட்டினத்திலும் ஏறவிட மாட்டார். போடாதீர்கள்.

வேலி தாண்டுவது, டிரோன் விடுவது

அது கட்டுமானத் தளம். கூடாது.

"முதல்", "உயரமான" என்ற சொற்களை அப்படியே விழுங்குவது

தஞ்சோராவை "இந்தியாவின் முதல் பி அண்ட் எம் கோஸ்டர்" என்று பலர் எழுதிவிட்டார்கள். இல்லை. மகாராஷ்டிரத்தில் கோபோலி அருகே இமேஜிகாவில் 2013-இலிருந்து நைட்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் பி அண்ட் எம் தான், காலுக்குக் கீழே தரைத்தட்டு இல்லாத ட்ரெயின் வகை. தஞ்சோராவின் பெருமை அந்த நிறுவனத்தின் இன்வெர்ட்டட் வகையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெருமையே போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

உயரத்தைப் பார்த்து மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் உள்ள நெமிசிஸ். மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் 1994-இல் கட்டியது. மேலே போக முடியாததால் பாறையை உடைத்துப் பள்ளம் தோண்டி அதற்குள் டிராக்கை இறக்கினார்கள். தரையிலிருந்து உயரம் சுமார் 13 மீட்டர்தான். பாறைச் சுவர் காலுக்குப் பக்கத்தில் உரசுவதுபோல் போவதால், அதைவிட மூன்று மடங்கு உயரமானவை தராத மிரட்டலை அது தருகிறது. 2024-இல் புது டிராக் போட்டு மறுபடி திறந்தபோது அதே வளைவுகளைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

பெயர் பதிவு செய்தியை அறிவிப்பாக எடுத்துக்கொள்வது

நிறுவனங்கள் பயன்படுத்தாத பெயர்களையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வைக்கும்.

பழைய கோஸ்டரை வாங்கி வந்தார்கள் என்று முகம் சுளிப்பது

ஜப்பானில் ஒசாகா பக்கம் எக்ஸ்போலாண்டில் 1996-இல் ஓடத் தொடங்கிய ஒரோச்சி, பூங்கா மூடியபின் பிரான்சுக்குப் போய் 2010-இல் மான்ஸ்டர் என்ற பெயரில் திறந்தது. வடிவமைப்பு நன்றாக இருந்தால் அது எத்தனையாவது ஊர் என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

காலை முதல் சுற்றில் ஏறிவிட்டு முடிவு சொல்வது

திறந்த முதல் வாரத்தில், கதவு திறந்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டு "மெதுவாகப் போகிறது, ஏமாற்றம்" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். காலையில் பேரிங்கில் உள்ள கிரீஸ் கெட்டியாக இருக்கும், சக்கரத்தின் பாலியூரித்தேன் உறையும் சூடேறியிருக்காது. நாள் முழுக்க ஓடி, வெயிலும் ஏறி, மாலையில் அதே ட்ரெயின் அதே வளைவை வேறு வேகத்தில் எடுக்கும். குளிர் நாடுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சில பூங்காக்கள் வெப்பநிலையைப் பார்த்துக் கடினமான நைலான் சக்கரத்தையும் மென்மையான பாலியூரித்தேன் சக்கரத்தையும் மாற்றிப் போடுவதே இதனால்தான்.

உட்காரும் இடமும் அப்படி. இன்வெர்ட்டட் வகையில் முன்வரிசையில் கண்ணுக்கு எதிரே எதுவும் இருக்காது, பின்வரிசையில் முதல் இறக்கத்தில் முன்னால் போகும் வண்டிகளின் எடை உங்களை இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் இரு வேறு சவாரிகள். காலையில் ஒரு முறை முன்னால், இருட்டுவதற்கு முன் ஒரு முறை கடைசி வரிசையில் ஏறிவிட்டு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.