வாட்ஸ்அப்பில் நற்செய்தி: பதில் எழுதும் தன்னார்வலர்களுக்கு

சொந்த எண்ணில் இறங்காதீர்கள். தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இரவில் தானாகப் பதில் போகும்படி அதில் அமைக்கலாம். முன்பின் தெரியாதவர்களுக்கு வசனப் படங்களை மொத்தமாக அனுப்பினால் புகார் குவிந்து எண்ணே முடங்கிவிடும். கேட்டு வந்தவரிடம் மட்டும் பேசுங்கள்.

முதல் பதிலில் வசனம் வேண்டாம். பெயரையும் கேள்வியையும் கேட்டுக்கொண்டால் போதும். வாசிக்க விரும்பினால் மாற்கு சுவிசேஷம் கொடுங்கள்: 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோகிறார்கள்.

'குணமாகும், வேலை கிடைக்கும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. பணம் கேட்டால் நீங்களாக அனுப்பவேண்டாம். ஆசைகாட்டி மதம் மாற்றியதாகப் பழி வரும். தற்கொலைப் பேச்சு வந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுத்து, உடனே பொறுப்பாளரை அழையுங்கள்.

பெண்களோடு பெண்களே பேசட்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை ஜெபக் குழுவில்கூடப் போடாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் விசாரிக்கிறவர் அதனாலேயே மாட்டிக்கொள்வார்.