இருட்டு அறையில் ஒரு தீப்பெட்டி: பிட்சியில் முதல் குட்டி கேம் செய்வது எப்படி

பிட்சி என்ற கேம் செய்யும் கருவியில் செய்த கேம்களில் பலவற்றை ஐந்து நிமிடத்தில் விளையாடி முடித்துவிடலாம். ஒரு சின்ன உருவம் நான்கு திசையில் நகரும். எதிலாவது மோதினால் இரண்டு வரி பேசும். அவ்வளவுதான். ஆனாலும் அப்படிச் சில கேம்களை விளையாடி மூடிய பிறகு அன்று முழுக்க அவை மனதைவிட்டுப் போகவில்லை. யாரோ ஒருவர் தன் நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே நடந்து பார்க்க விட்டதுபோல இருந்தது. எனக்கும் ஒன்று செய்ய ஆசை வந்தது. ஒரே மாலையில் முடியும் என்று உட்கார்ந்தேன், மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் இரண்டு நாள் ஒரே ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். அந்த இடத்தை நீங்கள் சுலபமாகத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆடம் லெ டூ உருவாக்கிய பிட்சி, பிரவுசரிலேயே இயங்கும் இலவசக் கருவி. எதையும் நிறுவ வேண்டாம், நிரல் எழுதவும் தெரிய வேண்டாம். ஒரு அறை என்பது 16க்கு 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 8க்கு 8 புள்ளிகள். ஒரு அறைக்கு மூன்றே நிறங்கள்: பின்னணிக்கு ஒன்று, டைலுக்கு (கட்டங்களை நிரப்பும் தரை, சுவர் போன்ற படங்களுக்கு) ஒன்று, உருவங்களுக்கு ஒன்று. அசைவு என்றால் இரண்டு படங்கள் மாறி மாறி வருவது மட்டும்.

பிக்கோ-8 என்ற இன்னொரு கேம் கருவியில் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அது மிகவும் பிடிக்கும். மலையேறும் கேமான செலஸ்டின் முதல் வடிவம் பிக்கோ-8இல் நான்கே நாளில் செய்யப்பட்டது, பெரிய வடிவம் 2018இல் வந்தது. ஆனால் அதில் லுவா என்ற நிரல் மொழியில் எழுதத் தெரிய வேண்டும், 16 நிறங்கள் இருக்கின்றன, இசைக்கும் ஒலிக்கும் தனித்தனி எடிட்டர்கள் இருக்கின்றன. முதல் தடவை செய்பவருக்கு இத்தனை கதவுகள் திறந்திருப்பது நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கிளைபிரியும் கதைகளை எழுத உதவும் ட்வைன் எழுத்துக்கு அருமையானது, ஆனால் நடந்து திரிய இடம் தராது. முதல் கேமுக்குப் பிட்சிதான்.

நாம் செய்யப்போகும் கேம் இதுதான். விளக்கு அணைந்த ஓர் அறை. எங்கோ ஒரு தீப்பெட்டி. ஒரு பூனை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்கிடம் போனால் அறை வெளிச்சமாகும். கதவு வழியாக வெளியே போனால் கேம் முடியும்.

முதலில் விளையாடுங்கள்

செய்வதற்கு முன் ஐந்தாறு பிட்சி கேம்களை விளையாடுங்கள். இரண்டாம் முறை விளையாடும்போது கதையை விட்டுவிட்டு, எது எதனால் ஆனது என்று பாருங்கள். இந்தச் சுவர் எத்தனை விதமான டைல்களால் ஆனது? மழை பெய்வதுபோலத் தெரிகிறதே, அது இரண்டு படம் மாறுவதுதானே? இந்த அறையில் நிறம் ஏன் மாறியது? இப்படி ஒரு மணி நேரம் பார்த்தால் பாதி கற்றுக்கொண்டாயிற்று. இன்னொரு வசதியும் உண்டு. பிட்சி கேமின் முழு விவரமும் அந்த எச்டிஎம்எல் கோப்புக்குள் சாதாரண எழுத்தாகவே இருக்கும். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் அறைகள் டைல்களின் குறியீடுகளாகவும், படங்கள் சுழியமும் ஒன்றுமாகவும் வரிசையாகத் தெரியும்.

அறையை வரைவது

பெயின்ட் கருவியில் சுவருக்கு ஒரு டைல், தரைக்கு ஒரு டைல், மேசைக்கு ஒரு டைல் வரையுங்கள். தரைக்கு இரண்டு மூன்று புள்ளி போதும், நிறைய வரைந்தால் கண்ணை உறுத்தும். சுவருக்கும் மேசைக்கும் மட்டும் ‘வால்’ (wall, அதாவது சுவர்) என்ற பெட்டியில் டிக் போடுங்கள். அது ஒரு கட்டத்துக்கான அடையாளம் இல்லை, அந்த டைலுக்கே உரியது. அதே டைலை எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் சுவராகிவிடும். பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஓரிடத்தில் நடக்கலாம் இன்னோரிடத்தில் நடக்கக் கூடாது என்றால், டைலை நகல் எடுத்து இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறங்கள்

இருட்டு அறைக்கு நான் வைத்தது (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்): பின்னணி 20, 22, 40. டைல் 50, 55, 85. உருவங்களுக்கு 230, 200, 120. டைலின் நிறம் பின்னணியைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பு என்பதைக் கவனியுங்கள். மேசையும் சுவரும் கண்ணுக்குப் பழகிய பிறகே தெரிய வேண்டும். முழுக் கறுப்பு வைக்காதீர்கள். முழுக் கறுப்பு திரை அணைந்ததுபோல இருக்கும், இருட்டுபோல இருக்காது.

பூனை, தீப்பெட்டி, விளக்கு

பூனையும் விளக்கும் ஸ்பிரைட்டுகள். தீப்பெட்டி ஐட்டம். ஸ்பிரைட்டில் மோதினால் பேசும், ஐட்டத்தின் மேல் நடந்தால் கைக்கு வந்துவிடும். பூனைக்கு என் ஆலோசனை: உடம்பை வரையாதீர்கள். இரண்டு கண் மட்டும். அசைவைப் போட்டு, இரண்டாவது படத்தில் கண்ணை மூடிவிடுங்கள். இருட்டில் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். நான்கு புள்ளிகளில் ஒரு பூனை கிடைத்துவிடுகிறது, இதற்காகவே எனக்குப் பிட்சி மேல் தீராத அன்பு.

விளக்கு ஏற்றுவது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

அறை வெளிச்சமாவது எப்படி? நாம் செய்யப்போவது, அதே அறையை நகல் எடுத்து, நகலுக்கு வெளிச்சமான நிறங்களைக் கொடுத்து, விளையாடுபவரைச் சத்தமில்லாமல் அங்கே மாற்றிவிடுவது. ஒரே மேசை, ஒரே சுவர், ஒரே இடம், நிறம் மட்டும் வேறு. பார்ப்பவருக்கு விளக்கு எரிந்ததாகவே தோன்றும்.

அறைக்கு ஒரு நகல் எடுங்கள். கலர்ஸ் கருவியில் புதிய நிறத்தொகுதி ஒன்று உருவாக்கி நகல் அறைக்குக் கொடுங்கள். எனது தொகுதி: பின்னணி 250, 235, 200. டைல் 190, 140, 90. உருவங்களுக்கு 90, 50, 40. நகலில் தீப்பெட்டி இருந்தால் அழித்துவிடுங்கள்.

இப்போது விளக்கின் டயலாக்கில் கிளைபிரியும் பட்டியல் ஒன்றைச் சேருங்கள். நிபந்தனை: கையில் தீப்பெட்டி ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்ன வரி, அப்புறம் அறைச் செயல்களில் ‘எக்சிட்’ (வேறு அறைக்கு அனுப்புவது) சேர்த்து வெளிச்ச அறையைக் குறியுங்கள். இல்லையென்றால், ‘பற்றவைக்க ஒன்றும் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி.

ஓட்டிப் பார்த்தேன். இரண்டு தவறுகள் சேர்ந்தே வந்தன.

ஒன்று, வெளிச்சம் வந்தவுடன் என் உருவம் திடீரென்று விளக்கின் மறுபக்கம் குதித்தது. எக்சிட் கேட்பது ஒரே ஒரு கட்டத்தின் இடம். நான் விளக்குக்கு இடப்பக்கக் கட்டத்தைக் கொடுத்திருந்தேன். ஆனால் விளையாடுபவர் மேலிருந்தும் வரலாம், கீழிருந்தும் வரலாம். வலப்பக்கத்திலிருந்து மோதினால் இடப்பக்கம் போய் நிற்பார். அந்த ஒரு குதிப்பில் மாயம் முழுக்க உடைந்துபோகிறது, அறை மாறிவிட்டது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. திசைக்கு ஒரு நிபந்தனை எழுத முடியுமா என்று தேடியே ஒரு நாள் போனது. தீர்வு எழுத்தில் இல்லை, வரைவதில் இருந்தது. விளக்கை அறையின் மூலைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் சுவர். மூன்றாவது பக்கம் மேசை டைல். நெருங்குவதற்கு மீதி ஒரே ஒரு கட்டம். எக்சிட்டின் இலக்கும் அதே கட்டம். அதற்கப்புறம் எந்த வழியாக வந்தாலும் உருவம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அறை மட்டும் மஞ்சளாகிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டு, வெளிச்ச அறையில் பூனையும் இல்லை, விளக்கும் இல்லை. ஸ்பிரைட் என்பது முழுக் கேமுக்கும் ஒன்றுதான். ஒரே டைலை ஆயிரம் இடத்தில் வைக்கலாம், ஐட்டத்தையும் பல இடத்தில் வைக்கலாம், ஆனால் ஒரு ஸ்பிரைட் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். இது தெரியாமல் நான் வெளிச்ச அறையில் பூனையை வைத்தேன், இருட்டு அறையில் காணாமல் போனது. அங்கே வைத்தேன், இங்கே போனது. ஏதோ கோளாறு என்று நினைத்து முழுக் கேமையும் புதிதாகத் தொடங்கினேன். கோளாறு இல்லை, அதன் இயல்பே அதுதான். பெயின்ட் கருவியில் ஸ்பிரைட்டை நகல் எடுத்து, நகலை வெளிச்ச அறையில் வையுங்கள். ‘பூனை இருட்டு’, ‘பூனை வெளிச்சம்’ என்று பெயரும் வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு குழம்பும்.

இந்தக் கட்டுப்பாடு கடைசியில் கேமுக்கு நல்லதே செய்தது. இரண்டு பூனைகள் தனித்தனி என்பதால் இரண்டுக்கும் தனித்தனி உருவம், தனித்தனிப் பேச்சு. இருட்டில் வெறும் கண்ணாக இருந்தது, வெளிச்சத்தில் மேசைக்கடியில் சுருண்டு தூங்கும் முழுப் பூனையாகிவிட்டது. ஒரே பூனையை இரண்டு இடத்தில் வைக்க முடிந்திருந்தால் இந்த எண்ணமே எனக்கு வந்திருக்காது.

முடிவு, சேமிப்பு

வெளிச்ச அறையின் கதவுக் கட்டத்தில் ஒரு ‘எண்டிங்’ வையுங்கள். அதில் எழுதும் வரி வந்த பிறகு கேம் முதலிலிருந்து தொடங்கும். டயலாக் பெட்டி ஒரு தடவைக்கு இரண்டு வரிதான் காட்டும், நீளமாக எழுதினால் விளையாடுபவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எடிட்டர் உங்கள் வேலையைப் பிரவுசரின் நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். பிரவுசர் தரவுகளை அழித்தால் கேமும் போய்விடும். ஒவ்வொரு மணி நேரமும் டவுன்லோட் செய்து, பெயரில் ஓர் எண் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பையே எடிட்டரில் திரும்ப ஏற்றித் தொடரலாம். வேறு கணினியில் வேலை செய்யவும் இதுதான் வழி.

ஒருவரை விளையாட வைத்துப் பாருங்கள்

பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இது நினைப்பதைவிடக் கடினம். என் நண்பர் ஒருவர் விளையாடியபோது விளக்கிடம் போகவே இல்லை. சுவரில் நான் அழகுக்காக வரைந்திருந்த ஜன்னலில் போய்த் திரும்பத் திரும்ப மோதினார். வெளிச்சம் ஜன்னலிலிருந்துதானே வரும் என்று நினைத்திருக்கிறார். நியாயமான நினைப்பு. ‘விளக்கு அந்த மூலையில்’ என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. அன்று இரவே ஜன்னலை ஸ்பிரைட்டாக மாற்றி, வெளியேயும் இருட்டு என்று ஒரு வரி எழுதினேன். கேமில் எனக்கு மிகவும் பிடித்த வரி இப்போது அதுதான்.

‘நல்லா இருக்கு’ என்று சொல்பவரிடம், ‘எந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாய்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும்தான் உபயோகமான பதில் கிடைக்கும்.

பிற்சேர்க்கை 1: கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் ஏற்றினேன், விளையாட முடியவில்லை, கோப்பை இறக்கச் சொல்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். திட்டத்தின் வகையை எச்டிஎம்எல் என்று மாற்றி, கோப்புக்குக் கீழே ‘பிரவுசரில் விளையாடலாம்’ என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். ஜிப் செய்து ஏற்றினால் உள்ளே இருக்கும் கோப்பின் பெயர் ‘இண்டெக்ஸ்’ என்று இருக்க வேண்டும். ஒற்றைக் கோப்பென்றால் ஜிப்பே வேண்டாம். கைபேசியில் விரலால் தள்ளி விளையாடலாம், ஆனால் செய்வதற்குக் கணினியே நல்லது.

பிற்சேர்க்கை 2: நிறையப் பேர் கேட்டது, டயலாக்கைத் தமிழில் எழுத முடியுமா என்று. பிட்சியோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. சொந்த எழுத்துருவை ஏற்ற வழி இருக்கிறது, ஆனால் அங்கேயும் சிக்கல். பிட்சி ஒவ்வொரு குறியீடாக வரிசையாகத்தான் வரையும். ‘கெ’ என்பது கணினிக்குள் முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், பிட்சி பின்னால் போடும். ‘கொ’ இன்னும் மோசம், ஒரே குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும்.

நான் இப்போது செய்வது, தேவையான சில சொற்களை மட்டும் டைல்களாக வரைந்துவிடுவது. ஓர் எழுத்துக்கு நான்கு டைல், அதாவது 16க்கு 16 புள்ளிகள் ஒதுக்கினால் ‘ணை’கூடத் தெளிவாக வருகிறது. ஒரே டைலுக்குள் அடைக்கப் பார்த்தேன், ‘ட’வும் ‘ப’வும்தான் பிழைத்தன. தலைப்புக்கு ஓர் அறை, முடிவுக்கு ஓர் அறை என்று வைத்து, நடுவில் எழுத்தே இல்லாமல் கதை சொல்லிப் பாருங்கள். தீப்பெட்டி எடுக்காமல் விளக்கில் மோதினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விளக்கின் பக்கத்துச் சுவரில் ஒரு தீக்குச்சிப் படத்தை வரைந்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு விளையாடிய மூன்று பேருக்கும் புரிந்தது.