பொலிவியாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களுக்கான நாட்டு அறிமுகக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. தென் அமெரிக்கா பக்கம் போனால், புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் சறுக்குவது பொலிவியாவில். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பரப்பளவில் ஓர் இலக்கம் விடுபடுவது, கொடியின் நிற வரிசை மாறுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. ஒருமுறை சரிபார்த்தால் அவை தீர்ந்துவிடும்.

தலைநகரம் லா பாஸ் என்று மட்டும் எழுதுவது

அரசியல் சட்டப்படி தலைநகரம் சூக்ரே. உச்ச நீதிமன்றமும் அங்கேதான். அதிபரும் நாடாளுமன்றமும் இருப்பது லா பாஸில். இரண்டையும் காரணத்தோடு எழுதுங்கள். சூக்ரேயின் செல்வாக்கு வெள்ளிச் சுரங்கங்களைச் சார்ந்திருந்தது. வெள்ளி சரிந்து தகரம் எழுந்தபோது பலம் லா பாஸ் பக்கம் சாய்ந்தது. 1899இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசும் அங்கே போய்விட்டது.

மலை நாடு என்று முடித்துவிடுவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. கட்டுரை ஆண்டீஸ் மலையில் தொடங்கும். லாமா, கம்பளித் தொப்பி, டிட்டிகாக்கா ஏரி, உயுனி உப்புப் பாலை என்று போய் அங்கேயே முடிந்துவிடும். தட்பவெப்பம் என்ற இடத்தில் "குளிர்" என்று ஒரே சொல் இருக்கும்.

பொலிவியாவின் நிலப்பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாழ்நிலம். வடக்கே அமேசான் காடு, நடுவே பேனி மாகாணத்தின் புல்வெளி, தெற்கே சாக்கோ என்ற வறண்ட சமவெளி. பேனியின் புல்வெளி ஆண்டில் பல மாதம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் மண்மேடுகளும் கால்வாய்களும் அமைத்து அந்த வெள்ளத்தோடு வாழப் பழகியிருந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நகரமும் மலையில் இல்லை. அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தா குரூஸ். லா பாஸோ 3,600 மீட்டருக்கும் மேலே. 2024 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாகாண அளவிலும் சாந்தா குரூஸ்தான் முதலிடம்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஓர் இளைஞர் நல்ல உழைப்போடு எழுதிய கட்டுரை ஒன்று என்னிடம் வந்தது. 2024இல் பொலிவியாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் காடும் புல்வெளியும் எரிந்ததைத் தேடி எடுத்துக் குறித்திருந்தார். பிறகு அவரே அதை அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மலை நாட்டில் இவ்வளவு காடு எப்படி சார் இருக்கும்? வேறு நாட்டுச் செய்தியைத் தப்பாகச் சேர்த்துவிட்டேனோ என்று நினைத்தேன்" என்றார். தன் கண்ணால் படித்த உண்மையையே நம்ப முடியாதபடி செய்துவிட்டது "மலை நாடு" என்ற அந்த ஒரு சொல்.

தீ மட்டுமா? சோயா விளைவது சாந்தா குரூஸ் சமவெளியில். இயற்கை எரிவாயு கிடைப்பது பெரும்பாலும் தெற்கில், தரிகா பக்கம். மேற்கு மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையிலான இழுபறி தெரியாமல் இந்நாட்டு அரசியலைப் பற்றி ஒரு பத்திகூட உருப்படியாக எழுத முடியாது.

பழங்குடிகள் விஷயத்திலும் இதே கதைதான். கெச்சுவா, அய்மாரா என்று இரண்டு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். 2009 அரசியல் சட்டம் ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. அவற்றில் பெரும்பாலானவை தாழ்நில மக்களுடையவை. 1990இல் அந்த மக்கள் நில உரிமை கேட்டு, வெப்பச் சமவெளியில் உள்ள திரினிதாதிலிருந்து மலையேறி லா பாஸ் வரை நடந்தே போனார்கள். நாட்டின் போக்கையே மாற்றிய அந்த நடைப்பயணத்துக்கு நம் கட்டுரைகளில் ஒரு வரி இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் எழுத உட்காருமுன் உயர வேறுபாட்டைக் காட்டும் வரைபடம் ஒன்றை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் மலையில் எப்படி, சமவெளியில் எப்படி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கடற்படையை வேடிக்கையாக எழுதுவது

1879இல் தொடங்கிய போரில் பொலிவியா தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது. மார்ச் 23ஐ இன்றும் கடல் நாளாக அனுசரிக்கிறார்கள். அவர்களுடைய கடற்படை டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் பணியில் இருக்கிறது. கடலுக்கு வழிகேட்டுப் பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு இல்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் ஆறாத இழப்பைத் துணுக்காக்க வேண்டாம்.

லித்தியம்

பேட்டரிகளுக்குத் தேவைப்படும் இந்த உலோகம் நிலத்தடியில் இருப்பது வேறு, அதை எடுத்து விற்பது வேறு. பொலிவியாவில் முதலாவது மிக அதிகம், இரண்டாவது மிகக் குறைவு.

பழைய அதிபரையே இன்றும் அதிபராக எழுதுவது

ஏவோ மொராலெஸ் பதவி விலகியது 2019இல். 2025 நவம்பரிலிருந்து அதிபர் ரோட்ரிகோ பாஸ்.